கண்டியை விட்டு ஊவாவுக்கு வந்த ஆயர்

பதுளை மறைமாவட்டம் 1972 டிசம்பர் 18ஆம் திகதி உருவாக்கப்பட்டது. நத்தாருக்கு ஒரு வாரமே இருந்தது. ஆலயங்களில் திருவருகைக் காலத்தின் கடைசி நாட்கள். அதுவரை கண்டி மறைமாவட்டத்தோடு இணைந்திருந்த ஊவா மாகாணத்துக்குத் தனி ஆயர் ஒருவர் கிடைத்தார். அவர்தான் பெனடிக்ட் சபைத் துறவியான லியோ நாணயக்கார ஆண்டகை.

அவர் புதியவர் அல்லர். 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்தவர். ஒரு மறைமாவட்டம் பிரிக்கப்படும்போது இருக்கும் ஆயர் பழைய இடத்திலேயே தொடர்வதும், புதிய பகுதிக்கு வேறொருவர் வருவதும்தான் வழமை. லியோ ஆண்டகை பேராலயமும் பெயர்பெற்ற பாடசாலைகளும் உள்ள கண்டியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, விரும்பியே பதுளைக்கு வந்தார். பதுளை, மொனராகலை என்ற இரண்டு வறிய மாவட்டங்களே அவருக்குக் கிடைத்தவை. கிராமங்களில் பெரும்பாலும் பௌத்தர்கள், தோட்டங்களில் பெரும்பாலும் இந்துக்கள். கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினர்.

நான் ஊடகவியல் படித்தேன், இறையியல் படிக்கவில்லை. ஆனாலும் கடவுள் மனிதராகப் பிறந்தார் என்ற நம்பிக்கை நடைமுறையில் எப்படியிருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த இடமாற்றம்தான் என் நினைவுக்கு வருகிறது. வசதியான இடத்தில் இருந்துகொண்டு உதவி அனுப்புவது ஒன்று. எழுந்து வந்து அந்த மக்களோடு குடியிருப்பது வேறொன்று. நத்தார் சொல்வது இரண்டாவதை.

லூக்கா நற்செய்தியில் இயேசுவின் பிறப்பு ஒரு குடிமதிப்போடு தொடங்குகிறது. பேரரசன் ஆட்களை எண்ணச் சொல்கிறான். பெயர் பதியப் போன குடும்பத்துக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஊவாத் தோட்டங்களில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதே காலத்தில் உணவுத் தட்டுப்பாடு முற்றி, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயத்தில் இருந்தவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. லியோ ஆண்டகை வந்து சேர்ந்த ஊவா இதுதான்.

அவர் 1975இல் பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமடத்தைத் தொடங்கினார். ஊவாவில் பணியாற்றப்போகும் குருக்கள் ஊவா மக்களிடமிருந்தே கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நூல்களோடு கிராமமும் தோட்டமும் அவர்களுக்குப் பாடமாயின. பௌத்தர்களையும் இந்துக்களையும் மதம் மாற்ற வேண்டியவர்களாகப் பார்க்காமல், உடன் வாழும் அயலவர்களாக மதிப்பதும் அந்தப் பயிற்சியில் அடங்கியது. அங்கே கற்பித்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் பின்னர் புத்தல பகுதியின் ஏழை பௌத்த விவசாயிகளிடையே போய் வாழ்ந்தார். 1987 நவம்பரில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களோடு குடியிருப்பதற்குச் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

லியோ ஆண்டகை அதைக் காணவில்லை. 1982இல், பதுளையின் ஆயராக இருக்கும்போதே அவர் காலமானார்.

இந்த நாட்களில் ஊவாவின் ஆலயங்களில் வாரத்துக்கொரு மெழுகுதிரி ஏற்றப்படும். குடில்கள் கட்டப்படும், கரோல் குழுக்கள் வீடு வீடாகப் போகும். எல்லாம் அழகானவைதான். ஆனால் தங்க இடம் இல்லை என்ற வரி இங்கே இன்னும் பழங்கதையாகவில்லை. கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்தில் மண் சரியும் ஆபத்து இருப்பதாக ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டது. போவதற்கு மாற்று நிலம் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து அவர்களுடைய லயங்களை மூடியது. இன்றும் நிலவுரிமைப் பத்திரம் இல்லாமல் லயங்களில் வாழும் குடும்பங்கள் இந்த மாகாணத்தில் ஏராளம்.

திருவருகைக் காலம் காத்திருப்பின் காலம் என்பார்கள். தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய நிலக் கோரிக்கையில் பக்கத்தில் நிற்பதைவிடச் சரியான நத்தார் ஆயத்தம் எனக்குத் தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் அதற்காகத் தன் முகவரியையே மாற்றிக்கொண்டார்.