அரண்மனைச் சிற்பியின் வறுமை

கொழும்புக் கோட்டை 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமானபோது, ஸ்பெயினின் செவில் நகரிலே மூன்று வயதுக் குழந்தையாக இருந்தவர் லூயிசா ரோல்டான். பிற்காலத்தில் ஸ்பானிய அரசவைச் சிற்பியாக நியமனம் பெற்ற முதற் பெண்மணி இவரே.

1652இல் பிறந்த லூயிசா, புகழ்பெற்ற சிற்பியான தந்தை பெத்ரோ ரோல்டானின் பட்டறையிலேயே மரம் செதுக்கவும் களிமண்ணில் உருவம் வனையவும் கற்றார். பெண்கள் தனித்துத் தொழில் பழக வழியற்ற அக்காலத்தில் தந்தையின் பட்டறையே அவருக்குப் பாடசாலையாயிற்று. 1671இல் தந்தையின் எதிர்ப்பையும் மீறி, சக சிற்பியான லூயிஸ் அந்தோனியோ தெ லோஸ் ஆர்க்கோசை மணந்தார். பெற்ற பிள்ளைகளுள் பலரை இளவயதிலேயே பறிகொடுத்தார். ஆயினும் உளியைக் கைவிட்டாரல்லர்.

லூயிசா செதுக்கிய சிலைகளுக்குக் கணவரின் சகோதரர் தோமஸ் வர்ணம் தீட்டினார். ஒப்பந்தங்களிலோ கணவரே கையொப்பமிட வேண்டியிருந்தது. காதிஸ் பேராலயத்தில் உள்ள, 1684இல் உருவான முள்முடி சூடிய இயேசுவின் சிலை இவரது கைவண்ணமே என்பதை, அச்சிலையினுள் கண்டெடுக்கப்பட்ட ஆவணமே பிற்காலத்தில் உறுதி செய்தது.

பின்னர் மத்ரித் சென்ற லூயிசாவை 1692இல் மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் அரசவைச் சிற்பியாக நியமித்தார். எஸ்கோரியல் மாளிகைக்கென இவர் செதுக்கிய மிக்கேல் அதிதூதர் சிலை அவ்வாண்டைச் சேர்ந்தது. பதவி கிடைத்ததே தவிர ஊதியம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. உணவுக்கும் உறைவிடத்துக்கும் உதவி வேண்டி அரச குடும்பத்துக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1701இல் புதிய மன்னர் ஐந்தாம் பிலிப்பும் அப்பதவியை வழங்கினார், வறுமை அகலவில்லை. 1706 ஜனவரியில், தம்மிடம் உடைமை ஏதுமில்லை எனப் பிரகடனம் செய்த சில தினங்களில் லூயிசா காலமானார். அதே ஆண்டில் ரோம் நகரின் புனித லூக்கா கலைக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக் கௌரவித்தது. இன்று அவரது படைப்புகள் லண்டன், நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகங்களில் பேணப்படுகின்றன.

எம்பிலிப்பிட்டியவில் இருந்துகொண்டு எங்கோ வாழ்ந்த ஒரு சிற்பியைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என வாசகர்கள் வினவக்கூடும். பெண் பறித்த கொழுந்துக்கான கூலியைக் கணவனின் கையில் கொடுக்கும் வழக்கம் நமது சப்ரகமுவ தோட்டங்களுக்கும் புதியதன்று. உழைப்பு ஒருவருடையது, பெயரும் பணமும் வேறொருவருடையது என்ற அநீதிக்குத் தேச எல்லை கிடையாது. கலைஞர் மறைந்தபின் சூட்டும் மகுடத்தைக் காட்டிலும், வாழும்போது உரிய வேளையில் கொடுக்கும் கூலியே மேலானது என்பதை லூயிசாவின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.