கணிதமேதை மகாவீராசாரியர்

உலகில் தோன்றிய கணித வல்லுநருள் முதலிடம் யாருக்கு என்று வினவினால், ஆர்க்கிமிடீஸ், நியூட்டன், காஸ் என்னும் மூவரையே பலரும் கூறுவர். நம் நாட்டவர் ஆரியபட்டரையும் பாஸ்கரரையும் இராமானுஜனையும் நினைவுகூர்வர். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஜைனச் சான்றோர் ஒருவர் உண்டு என்பதை நம் இல்லத்துச் சிறார்களுள் எத்தனை பேர் அறிவர்?

அவரே மகாவீராசாரியர். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், மான்யகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கரின் காலத்தில் அவர் வாழ்ந்தார். அம்மன்னருக்கு ஆசானாக விளங்கியவர் ஜினசேனாசாரியர். அவரும் அவர்தம் மாணாக்கர் குணபத்திரரும் இயற்றிய மகாபுராணத்தைத் தழுவியதே நாம் போற்றிப் படிக்கும் ஸ்ரீபுராணம். ஆகவே நம் கணித மேதை வாழ்ந்த காலச் சூழல் நமக்குப் புதியதன்று.

கி.பி. 850-ஐ ஒட்டி அவர் வடமொழியில் இயற்றிய நூல் கணிதசார சங்கிரகம். பகவான் மகாவீரரை வணங்கித் தொடங்கும் இந்நூல் ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்டது. அதற்கு முன்பு கணிதம் பெரும்பாலும் வானநூலின் ஓர் உறுப்பாகவே கற்பிக்கப்பெற்றது. அவரோ கணிதத்திற்கெனவே தனிநூல் யாத்தார். ஆயினும், கணிதக் கடலினின்று முன்னோர் தேடிய மணிகளுள் சிலவற்றையே தாம் திரட்டித் தந்ததாக அடக்கத்துடன் கூறிக்கொண்டார்.

அறுசுவைகளுள் மும்மூன்றாகச் சேர்த்தால் எத்தனை வகைச் சேர்க்கை அமையும்? 6, 5, 4 ஆகியவற்றைப் பெருக்கி, 1, 2, 3 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் 20 கிடைக்கும். இவ்வாறு எத்தனை பொருளுக்கும் பொருந்தும் பொதுவிதியை அவர் வகுத்தளித்தார். எதிர்மறை எண் எதற்கும் வர்க்கமாக அமையாது. ஆதலின் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவுறுத்தினார். 152207-ஐ 73-ஆல் பெருக்கினால் 11111111 வரும். இத்தகைய பெருக்கற்பலன்களைக் கழுத்தணிமாலையாக உருவகித்து மாணாக்கரை மகிழ்வித்தார்.

ஓரெண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்று அவர் எழுதியது பிழையே. இதனை மறைத்து அவரைப் புகழ்தல் நமக்குத் தகாது. வாய்மை நம் விரதங்களுள் ஒன்றன்றோ? பல்லாண்டு கரும்பலகை முன் நின்ற நாம் அறிந்தது இது: பிழையை ஒப்புக்கொண்டு திருத்தும் ஆசிரியரையே மாணாக்கர் நம்புவர். குறையைச் சொன்ன பின்னரும் குன்றாது நிற்பதே மெய்யான பெருமை.

11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லணர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். 1912-இல் பேராசிரியர் ரங்காசாரியார் சுவடிகளை ஒப்பிட்டு ஆய்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்த பின்னரே உலகறிஞர் இதனை நன்கு உணர்ந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்நூலைப் படியெடுத்துக் காத்த கைகள் இல்லையெனில், அவர் பெயரும் நமக்குக் கிட்டியிராது.

இனி, அவரே யாவரினும் பெரியவரோ எனின், அநேகாந்த நெறியில் நிற்கும் நாம் அவ்வாறு ஒருதலையாகக் கூறோம். வடிவியலில் ஒருவர் உயர்வர். எண்ணியலில் மற்றொருவர் உயர்வர். கற்பிக்கும் திறத்தில் மகாவீராசாரியர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். ஏட்டில் காத்த பெயரை நாம் நாவிலும் காத்தல் வேண்டும். இன்றிரவு உணவு வேளையில் அந்த அறுசுவைக் கணக்கை நம் பேரப்பிள்ளைகளிடம் கேட்போமாக!