உப்பளக் கரையில் ஒரு பெயர்: அம்பேத்கரும் பல்கலைக்கழக வாயிலும்

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் காலாப்பட்டு வருகிறது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் அங்குள்ளது. அதன் நிர்வாகக் கட்டடம் அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்கியுள்ளது. யாரைச் சேர்ப்பது, யாரைப் பணியமர்த்துவது என்பவற்றை முடிவு செய்வது நிர்வாகமே. ஆகவே அவ்விடத்தில் அப்பெயர் எதைக் கோருகிறது என்பதை அவருடைய வாழ்விலிருந்தே நாம் அறிய வேண்டும்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்த அம்பேத்கர், சாத்தாராவில் பள்ளி சென்றபோது, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கில் தனியே அமர்த்தப்பட்டார். குழாயைத் தொடும் உரிமை அவருக்கில்லை. பள்ளிச் சேவகர் திறந்துவிட்டால் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம். 1912-இல் பம்பாயில் பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகை 1913-இல் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்த்தது; பின்னர் லண்டனிலும் பயின்றார். 1917-இல் பரோடா அரசுப் பணியேற்றவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரான பின்னும், பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். பட்டம் பெற்றால் சாதி விலகும் என்ற நம்பிக்கையை அவருடைய அனுபவமே பொய்யாக்கியது.

அதனால் அவர் கல்வியைக் கைவிடவில்லை. தனியொருவரின் ஏற்றமாக இருந்ததை ஒரு சமூகத்தின் உரிமையாக மாற்ற முனைந்தார். 1924-இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை வழியே மாணவர் விடுதிகளையும் நூலகங்களையும் வளர்த்தார். 1927-இல் மகாத் குளத்து நீரைப் பருகி, பள்ளிநாளில் மறுக்கப்பட்ட உரிமையைப் பல்லாயிரவரோடு நிலைநாட்டினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் வழியே 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950-இல் அவுரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் எனப் பெயர்பெற்ற கல்லூரியும் தோன்றின.

1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். ஈராண்டுக்குப் பின் அதே அவுரங்காபாத்தில் மராத்வாடா பல்கலைக்கழகம் உருவானது. அதற்கு அவர் பெயரைச் சூட்ட மகாராட்டிரச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் 1978 ஜூலை 27 அன்று தீர்மானம் நிறைவேற்றின. உடனே மராத்வாடா சிற்றூர்களில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. பெயர் மாற்றம் 1994 ஜனவரி 14 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் பல்கலைக்கழக வாயிலில் மக்கள் திரண்டு, உயிர்நீத்தோரை நினைவுகூர்கின்றனர். படிக்க வாய்ப்பே பெறாத பலர், தம் பிள்ளைகள் நுழையவேண்டிய வாயிலுக்காக அந்த விலையைக் கொடுத்தனர்.

இவ்வரலாறு நமக்கு அயலூர்ச் செய்தியன்று. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்திலும் தலித் மக்களின் வீடுகள் தீக்கிரையாயின. வீடு எரிகையில் துணியோடும் தானியத்தோடும் பாடநூலும் சான்றிதழும் எரிகின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

எனவே கட்டடத்துக்குப் பெயர் சூட்டியதோடு கடமை முடிந்துவிட்டதாக எந்த நிர்வாகமும் கருத முடியாது. ஒதுக்கீட்டுப் பணியிடங்கள் நிரம்பவேண்டும். உதவித்தொகை உரிய காலத்தில் வரவேண்டும். விடுதியிலும் வகுப்பிலும் எவரும் ஒதுக்கப்படலாகாது. மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளியின் மகள் கட்டணத்துக்கு அஞ்சாமல் அந்த வளாகத்தில் நுழைந்து, பட்டத்தோடு வெளியேறவேண்டும். அம்பேத்கரின் பெயருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.