நெல்சன் – ஒரு பெயரின் வரலாறு

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்கள் சில, காலப்போக்கில் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயர்களாகிவிட்டன. அவற்றுள் ஒன்று நெல்சன். நீல் என்பவரின் மகன் என்பது அதன் பொருள். நம் நாட்டுக் கிறித்தவக் குடும்பங்களிலும் வழங்கும் இப்பெயரை உலகறியச் செய்தவர் கடற்படைத் தலைவர் ஹொரேஷியோ நெல்சன்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், பர்ன்ஹாம் தோர்ப் என்னும் சிற்றூரில், 1758 செப்டம்பர் 29 அன்று ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 9 வயதில் தாயை இழந்தார். 12 வயதில் தாய்மாமனின் கப்பலில் சேர்ந்தார். மெலிந்த உடல், கப்பல் ஏறினால் வரும் குமட்டலோ வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. 1774-இல் சீஹார்ஸ் என்னும் கப்பலில் நம் சென்னைக்கும் வந்தார். கீழைக் கடல்களில் மலேரியா கண்டு குற்றுயிராகத் தாயகம் திரும்பினார். செல்வாக்கில்லாத தமக்கு முன்னேற வழியில்லையே என்று அப்பயணத்தில் மனமுடைந்தவர், பிறகு தேறி, வீரனாகியே தீருவதென உறுதி பூண்டார். 20 வயதில், அதாவது நம் வயதில், போர்க்கப்பலின் தலைவரானார்!

1794-இல் கோர்சிகாத் தீவுப் போரில் வலக்கண் பார்வை போயிற்று. 1797-இல் டெனரிஃப் தீவில் வலக்கை போயிற்று. இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டு மீண்டும் கடலேறினார். மறு ஆண்டே நைல் போரில் பிரெஞ்சுக்காரரின் 13 பெரும் போர்க்கப்பல்களில் 11-ஐ அழித்தும் கைப்பற்றியும், நெப்போலியனின் சேனையை எகிப்தில் சிக்கவைத்தார். 1799-இல் நேப்பிள்ஸ் குடியரசுவாதிகளிடம் காட்டிய கடுமை அவர் புகழில் படிந்த கறை. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் முனையருகே 27 கப்பல்களைக் கொண்டு எதிரியின் 33 கப்பல்களைத் தாக்கினார். துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தவர், வெற்றிச் செய்தியைக் கேட்ட பின்பே கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 47.

அதன்பின் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெற்றோர் பலர் தம் ஆண்மக்களுக்கு நெல்சன் என்று பெயரிட்டனர். நியூசிலாந்தில் ஒரு நகரமும் அப்பெயர் பெற்றது.

தென்னாப்பிரிக்காவின் குனு என்னும் சிற்றூரில், தன் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளி சென்ற ஒரு சிறுவனின் பெயர் ரோலிஹ்லாஹ்லா. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலப் பெயர் சூட்டுவது அக்கால வழக்கம். முதல் நாளிலேயே ஆசிரியை அவனுக்கு நெல்சன் என்று பெயரிட்டார். கேளாமலே வந்த பெயர். சொந்தப் பெயரை ஒதுக்கிவிட்டு வந்த பெயர். நிறவெறியை எதிர்த்து 27 ஆண்டுகள் சிறையிலிருந்து, 1994-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான நெல்சன் மண்டேலாவே அச்சிறுவன். பேரரசுக்காகப் போரிட்டவரின் பெயர், அடிமைத்தளையை அறுத்தவரின் பெயராயிற்று.

மாணவ நண்பர்களே! எழுத்தறியாத வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர் நம்மில் பலர். பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதியதே நம்மில் சிலருக்குப் பெயரும் பிறந்த தேதியும் ஆயின. பெயரை யாரோ எழுதினார்கள். அதற்குரிய பொருளை நாம் எழுதுவோம்.