ஒன்றரை டாலரில் ஒரு பள்ளிக்கூடம்



ஒரு தோட்டத்துக் கூட்டத்துக்கு நாம் போயிருந்தோம். சம்பள விவகாரம் பேசி முடிந்தது. கோப்பி வந்தது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மழை பெய்தால் மூன்றாம் வகுப்பில் வாளி வைக்கிறார்களாம். யாரிடமாவது உதவி கேட்டீர்களா என்று விசாரித்தோம். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று எழுந்துவிட்டார். உழைத்துச் சாப்பிடுகிற சனங்களைப் பிச்சை எடுக்கச் சொல்கிறீர்களா என்று கோபித்துக்கொண்டார். கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது.

அவருடைய கோபத்தில் மானம் இருந்தது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கேட்பதும் பிச்சையும் ஒன்றுதானா? அன்றைக்குச் சரியான பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, பள்ளிக்கூடத்துக்காக வாழ்நாள் முழுவதும் ஊராரிடமும் பணக்காரர்களிடமும் அரசாங்கத்திடமும் கேட்டுக்கொண்டே இருந்த ஓர் அம்மையாரின் கதையை இந்த வாரம் எழுதுகிறோம். அவர் பெயர் மேரி மெக்லியோட் பெத்தூன். அமெரிக்காவின் கறுப்பின மக்களில் பிறந்தவர்.

நமக்குப் பால்மரக் காடு எப்படியோ, அவருடைய மக்களுக்குப் பருத்திக்காடு அப்படி. தென் கரோலைனா மாநிலத்தில் மேஸ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1875ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அவர் பிறந்தார். பதினேழு பிள்ளைகளில் பதினைந்தாவது. தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். மூத்த பிள்ளைகளில் சிலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். விடுதலைக்குப் பிறகும் அந்தத் தாய் பழைய எசமான் வீட்டிலேயே கூலிக்கு உழைத்து, சேர்த்த காசில் குடும்பத்துக்கென்று கொஞ்சம் நிலம் வாங்கினார். அந்த நிலத்தில்தான் மேரியும் சின்ன வயதிலேயே பருத்தி எடுத்தார்.

ஒரு நாள் தாயோடு வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போன மேரி, அங்கே கிடந்த புத்தகத்தை ஆசையாகக் கையில் எடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளை, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அதைக் கீழே வை என்று விரட்டியது. அந்தச் சொல் மேரியின் நெஞ்சில் தைத்துவிட்டது. வெள்ளைக்காரருக்கும் தம் மக்களுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்துத்தான் என்று அந்தப் பிஞ்சு மனசு முடிவு கட்டியது.

பிறகு அந்த ஊரில் கிறிஸ்துவ மிஷன் ஒன்று கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது. வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும். மற்றவர்கள் காட்டு வேலைக்கு வேண்டும். மேரி போனார். தினமும் பல மைல் நடந்தார். பகலில் படித்ததை இராத்திரியில் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிள்ளை படித்தால் ஒரு வீடே படிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தப் பள்ளியின் படிப்பு முடிந்ததும் மேல்படிப்புக்குக் காசில்லை. மேரி மறுபடியும் காட்டுக்கே திரும்பினார். இங்கேதான் முதல் உதவி வருகிறது. பல நூறு மைலுக்கு அப்பால் டென்வர் நகரில் மேரி கிறிஸ்மன் என்ற ஒரு பெண்மணி துணி தைத்துப் பிழைத்துவந்தார். அவர் தம் உழைப்பில் மிச்சம் பிடித்து, கறுப்பினப் பெண்பிள்ளை ஒருத்தியின் படிப்புக்குக் கொடுக்க முன்வந்தார். எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்ற கேள்வி மிஷன் பள்ளி ஆசிரியை எம்மா வில்சனிடம் வந்தது. அவர் மேரியின் பெயரைச் சொன்னார்.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். பணம் கொடுத்தவர் கோடீசுவரர் அல்லர். ஊசி பிடித்த கை. அந்தப் பணம் சரியான பிள்ளைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், பிள்ளையை அறிந்து பெயர் கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்ததுதான். உபகாரச் சம்பளம் எத்தனையோ இருக்கிறது. பெயர் எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது எத்தனை என்று நாம் கணக்குப் பார்த்ததுண்டா?

மேரி வட கரோலைனாவில் ஸ்கோஷியா என்ற பெண்கள் பள்ளியில் படித்தார். பிறகு சிகாகோ நகரில் வேதப் பள்ளியில் பயின்றார். ஆப்பிரிக்காவுக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. கறுப்பினத்தவருக்கு அங்கே வேலையில்லை என்று சபையார் கைவிரித்துவிட்டார்கள். மனம் உடைந்தாலும் உட்கார்ந்துவிடவில்லை. ஆசிரியை ஆனார். 1898ஆம் ஆண்டு ஆல்பர்ட்டஸ் பெத்தூன் என்பவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான்.

புளோரிடா மாநிலத்தில் டேட்டோனா என்ற கடற்கரை ஊர். அங்கே ரயில்பாதை போடவும் கட்டட வேலைக்கும் கறுப்பினத் தொழிலாளர்கள் ஏராளமாகக் குவிந்திருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் படிக்க வழியில்லை. அதே ஊருக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து பெரும் பணக்காரர்களும் வந்து போவார்கள். பெத்தூன் அம்மையார் இரண்டையும் பார்த்தார். தேவை இங்கே இருக்கிறது, பணமும் இங்கேதான் வருகிறது என்று புரிந்துகொண்டார்.

1904ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பள்ளி தொடங்கியது. கையில் இருந்தது ஒன்றரை டாலர். வீட்டு வாடகையோ மாதம் 11 டாலர். படிக்க வந்தவர்கள் ஐந்து பெண்பிள்ளைகள். கூடவே அவருடைய மகன். சாமான் பெட்டிகள் மேசை நாற்காலி ஆயின. கரிந்த குச்சி பென்சில் ஆனது. காட்டுப் பழச்சாறு மை ஆனது. குப்பையில் வீசியதையெல்லாம் பொறுக்கிக் கழுவிப் பயன்படுத்தினார்கள்.

வாடகைக்கு என்ன செய்தார்? சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் சுட்டு, கட்டட வேலைக்காரர்களிடம் விற்றார். ஐஸ்கிரீம் விற்றார். நம் தோட்டத்துப் பெண்கள் வடையும் பணியாரமும் சுட்டு விற்று வீட்டுச் செலவைச் சமாளிப்பதில்லையா, அதுபோலத்தான்.

பிள்ளைகள் கூடினார்கள், வாடகை வீடு போதவில்லை. ஊர்க் குப்பையைக் கொட்டும் சதுப்பு நிலம் ஒன்று விலைக்கு வந்தது. நரகக்குழி என்று அதற்குப் பட்டப்பெயர். முன்பணம் 5 டாலர், மீதியைத் தவணையில் கட்டலாம் என்று ஏற்பாடு. அந்த 5 டாலரும் அவரிடம் இல்லை. மறுபடியும் பலகாரம் விற்று, சில்லறைக் காசாகவே கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய்க் கொடுத்தார். அந்தக் குப்பைமேட்டில் 1907ஆம் ஆண்டு முதல் கட்டடம் எழுந்தது. நம்பிக்கை மண்டபம் என்று பெயர் வைத்தார்கள்.

சுவர் எழும்ப எழும்ப அம்மையார் வீடு வீடாக நடந்தார். சைக்கிளில் போனார். தேவாலயங்களில் பேசினார். பணக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பெரிய ஹோட்டல்களில் பாட வைத்தார். எத்தனை பேர் கதவைச் சாத்தியிருப்பார்கள்! அதற்காக அவர் நடையை நிறுத்தவில்லை.

சவர்க்காரம் செய்து விற்ற பிரபல நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிள் குடும்பத்து ஜேம்ஸ் கேம்பிள், கடிதம் கண்டு பள்ளியைப் பார்க்க வந்தார். வந்தவர் கண்டது ஓட்டை உடைசலும் பெட்டிகளும்தான். எந்தப் பள்ளிக்கு என்னைத் தர்மகர்த்தாவாக இருக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டாராம். தம் மனசில் இருக்கும் பள்ளிக்கு என்று அம்மையார் பதில் சொன்னார். கேம்பிள் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். ஆண்டுக் கணக்கில் துணை நின்றார்.

தையல் இயந்திரத் தொழிலதிபர் தாமஸ் வைட் வந்தபோது, பிள்ளைகள் தைத்துப் பழகும் இயந்திரம் வேறு கம்பெனியுடையது. சுவரோ பூச்சு முடியாமல் கிடந்தது. அவர் புது இயந்திரம் கொடுத்தார். கட்டட வேலைக்கும் பணம் கொடுத்தார். இறந்தபோது தம் உயிலிலும் பள்ளிக்குத் தொகை எழுதி வைத்தார்.

இதில் என்ன பாடம்? அம்மையார் வெறுங்கையோடு போய் நிற்கவில்லை. முதலில் தம் கைக்காசு, பிறகு ஊர்ச் சனங்களின் காசு, அதன்பிறகுதான் வெளியார் காசு. உள்ளதை ஒளிக்காமல் ஓட்டைக் கூரையையும் காட்டினார். படிக்கிற பிள்ளைகளையும் காட்டினார். கொடுத்தவரை அதோடு விட்டுவிடவில்லை. குழுவில் உட்காரவைத்துப் பள்ளியின் பொறுப்பில் பங்கு கொடுத்தார். பிச்சை போட்டவன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். பள்ளிக்குக் கொடுத்தவரோ மறு ஆண்டும் வந்தார்.

பணம் வாங்கினால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சிலர் நினைப்பதுண்டு. அம்மையார் அப்படியில்லை. 1920ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, தம் மக்களை வாக்காளராகப் பதியவைக்கப் பாடுபட்டார். கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பல் முகமூடி போட்டுக்கொண்டு இரவில் பள்ளி வளாகத்துக்கே வந்து மிரட்டியது. அவர் அசையவில்லை. தம் மக்களோடு போய் வாக்களித்தார்.

1923ஆம் ஆண்டு அவருடைய பள்ளி, குக்மன் என்ற ஆண்கள் கல்வி நிலையத்தோடு இணைய முடிவானது. அதுவே பிறகு பெத்தூன்-குக்மன் கல்லூரி ஆயிற்று. பலகாரம் விற்றுத் தொடங்கியது கல்லூரியாகிவிட்டது.

அடுத்து வந்தது 1930ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம். வேலையில்லை, படிக்கிற பிள்ளைகளெல்லாம் பாதியில் நின்றார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் அரசாங்கம் தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பை ஏற்படுத்தி, மாணவர்களுக்குச் சிறு வேலை கொடுத்துச் சம்பளம் தந்தது. அதில் கறுப்பின விவகாரப் பிரிவுக்கு 1936 முதல் அம்மையார் தலைமை ஏற்றார். அதுவரை வெளியே நின்று கேட்டவர், இப்போது பணம் பங்கிடும் மேசையிலேயே உட்கார்ந்தார். தம் மக்களின் பங்கு குறையாமல் பார்த்துக்கொண்டார். மேல்படிப்புக்கென்று தனி நிதியையும் வாங்கினார். அந்த நிதியால் 4,000 பேருக்கு மேல் பயன்பெற்றார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. சங்கம் கண்ட நமக்கு இது நன்றாகப் புரியும். கறுப்பினக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கையேந்தி, ஒரே பணக்காரர் வீட்டு வாசலில் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. டஸ்கீகி கல்லூரித் தலைவர் பிரெடரிக் பேட்டர்சன், எல்லாரும் சேர்ந்து ஒரே நிதி திரட்டுவோம் என்று யோசனை சொன்னார். பெத்தூன் அம்மையாரும் தோள் கொடுத்தார். 1944ஆம் ஆண்டு 27 கல்லூரிகள் சேர்ந்து ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியை அமைத்தன. நீக்ரோ என்பது அக்காலத்து வழக்கு. அந்தப் பெயரிலேயே நிதி நிலைத்துவிட்டது. தனியாகப் போனால் கெஞ்சல்; கூட்டாகப் போனால் கோரிக்கை. நம் சங்கத்துக்கும் இதுதானே அடிப்படை?

1955ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அம்மையார் காலமானார். அவர் கட்டிய கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அது 2007ஆம் ஆண்டு பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2022ஆம் ஆண்டு, வாஷிங்டன் நாடாளுமன்றச் சிலை மண்டபத்தில் புளோரிடா மாநிலத்தின் சார்பில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அங்கே ஒரு மாநிலம் தன் சார்பில் கறுப்பினத்தவருக்குச் சிலை வைத்தது அதுவே முதல் தடவை. புத்தகத்தைக் கீழே வை என்று விரட்டப்பட்ட பிள்ளை அவர்!

நம் கதைக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அப்படிப் பிறந்த பள்ளிகளில்தான் நாமும் படித்தோம். ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்திய பள்ளிகளும் உண்டு. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நின்றுவிட்டன. முழு உதவிப் பள்ளிக்குக் கிடைக்கும் கட்டடச் செலவு அவற்றுக்குத் தானாக வருவதில்லை. கேட்டால்தான் உண்டு. கேட்காமல் இருந்தால் மானம் காப்பாற்றப்படுமா, கூரை ஒழுகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் ஒன்றாக உட்காரட்டும். என்ன தேவை, எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் வீட்டுக்கு இவ்வளவு என்று நம் காசைப் போடுவோம், சிறுதொகையானாலும் போடுவோம். ஒரு நோட்டில் வரவு செலவை எழுதி, யார் கேட்டாலும் காட்டும்படி வைப்போம். பிறகு நிர்வாகம், அரசாங்கம், கூட்டுறவுச் சங்கம், படித்து மேலே போன பழைய மாணவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் கடிதம் போகட்டும். பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம். பணம் வந்தால் என்ன செய்தோம் என்று படத்தோடு ஒரு நன்றிக் கடிதம். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கும் அதே குறை இருந்தால் சேர்ந்தே போங்கள்.

அந்தத் தோட்டத்துப் பெரியவருக்கு அன்று சொல்ல வாய் வராததை இன்று எழுதிவிட்டோம். ஐயா, தமக்கென்று கேட்டால்தான் பிச்சை. பிள்ளைகளுக்கென்று, கையில் கணக்கு நோட்டோடு, பத்துப் பேராகப் போய்க் கேட்டால் அது உரிமை. அடுத்த முறை வரும்போது அந்தக் கடிதத்தை உங்களோடு உட்கார்ந்தே எழுதுவோம். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.