நிழல்மலர் கொணர்ந்த வில்ஸன்

வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலரும் ஒரு குறை கூறக் கேட்கின்றோம். மரநிழல் விழும் மூலையில் எதை நட்டாலும் இலை விடுகின்றதேயன்றிப் பூப்பதில்லை என்பதே அக்குறை. குளிர்நாடுகளில் அக்குறையைப் போக்கிய செடிகளுள் தலையாயது ஜப்பான் நாட்டு அசேலியா ஆகும். பனிக்காலத்தும் இலை முற்றும் உதிராது நின்று, இளவேனில் வந்ததும் இலையே தெரியாதபடி பூத்து மூடும் இயல்பினது அது. கோடைக்கானலிலும் நீலகிரியிலும் செந்நிறக் கொத்துக்களாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசைக் கண்டோர் இதன் உறவை எளிதில் உணர்வர். இரண்டும் ரோடோடெண்டிரன் என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று மரம், மற்றொன்று இடுப்பளவோ அதற்குச் சற்று மேலோ வளரும் புதர்.

இதனை மேனாட்டிற்குக் கொணர்ந்தவர் யார் என வினவின், எர்னஸ்டு ஹென்றி வில்ஸன் என்ற பெயரையே தோட்டக்கலை வல்லார் முதலிற் கூறுவர். அவர்தம் வரலாற்றை ஈண்டு சுருங்கக் கூறப் புகுகின்றோம். கூறுங்கால், செடியைக் கொணர்ந்தவர் ஒருவர், ஆக்கியவர் வேறொருவர் என்னும் உண்மையும் உடன் வெளிப்படும். அதனை மறைக்க நாம் விரும்பவில்லை.

வில்ஸன் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள், இங்கிலாந்தில் சிப்பிங் காம்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். செல்வக் குடியிற் பிறந்தவர் அல்லர். பள்ளியை விட்டதும் ஒரு செடிப் பண்ணையிற் கை வேலை பழகினார். பதினாறாம் வயதில் பர்மிங்காம் தாவரத் தோட்டத்தில் அமர்ந்தார். பகலில் மண் வெட்டி, மாலையில் தாவர நூல் கற்று, அதிற் பரிசும் பெற்றார். 1897-இல் கியூ தோட்டத்திற் சேர்ந்தார். நம்மினும் இரண்டோராண்டே மூத்தவராயிருந்த அப்பருவத்தில் அவர் வாழ்க்கை திரும்பியது. வீச் என்னும் புகழ்பெற்ற செடிப் பண்ணையார், சீன நாட்டிலுள்ள ஓர் அரிய மரத்தின் வித்துக்களைத் தேடிக் கொணர ஆள் வேண்டினர். கியூ தோட்டத்தார் வில்ஸனைக் காட்டினர்.

புறாமரம் என்று வழங்கும் அம்மரத்தின் பூவை இரு வெண்ணிற இலைகள் சூழ்ந்து, கிளைதோறும் வெண்புறாக்கள் அமர்ந்தாற்போலத் தோற்றும். சீனத்தில் அலுவல் பார்த்த அகஸ்டின் ஹென்றி என்பார் பல்லாண்டுகட்கு முன் அதனைக் கண்டிருந்தார். 1899-இல் புறப்பட்ட வில்ஸன், யுன்னான் மாகாணத்திலிருந்த ஹென்றியைத் தேடிச் சென்று, அவர் கையால் வரைந்து தந்த படமொன்றைப் பெற்றார். அதனைத் துணைக்கொண்டு நெடுந்தொலைவு நடந்து, 1900-இல் அவ்விடத்தை அடைந்தார். அடைந்தவர் கண்டது மரமன்று, அடிக்கட்டையே. அருகில் புதிதாய் எழுந்திருந்த வீட்டிற்கு அம்மரமே உத்திரமும் பலகையுமாய் ஆகியிருந்தது! வேறொருவராயின் திரும்பியிருப்பர். வில்ஸன் சில வாரங்களுக்குள் வேறிடங்களில் அம்மரங்கள் பலவற்றைக் கண்டு, வித்து மிகுதியும் கொணர்ந்தார். ஆயினும் அவர் நாடு திரும்பியபோது, பார்ஷ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1897-லேயே பிரான்சுக்கு அனுப்பிய வித்துக்களுள் ஒன்று முளைத்து வளர்ந்திருந்தது தெரியவந்தது. முதல்வர் என்னும் பெயர் இவ்வாறு ஒருமுறை அவர் கையை விட்டு நழுவியது. இதனை நினைவில் வைக்க, பின்னர் வேண்டப்படும்.

1902-இல் மணம் புரிந்தார். சில திங்களில் மனைவியாரை விட்டு மீண்டும் சீனம் சென்றார். பிற்காலத்துப் பயணங்களை அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள ஆர்னால்டு மரப்பூங்காவிற்காகச் செய்தார். 1910-இல் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ‘ரீகல் லில்லி’ என்னும் மலரின் கிழங்குகளைச் சேர்த்துத் திரும்புகையில் மலை சரிந்து கற்கள் உருண்டன, வலக்கால் முறிந்தது. புகைப்படக் கருவியின் முக்காலியையே வரிச்சாக வைத்துக் காலைக் கட்டினர். அக்குறுகிய பாதையில் எதிரே கோவேறு கழுதைக் கூட்டமொன்று வந்தது, விலக இடமில்லை, படுத்திருந்த வில்ஸனை அவை ஒவ்வொன்றாய்த் தாண்டிச் சென்றன. ஒன்றன் குளம்பும் அவர்மேற் படவில்லை. கால் பிழைத்தது, ஆனால் வாழ்நாள் முழுதும் சிறிது நொண்டியே நடந்தார்.

அந்த நொண்டிக் காலுடன்தான் அவர் ஜப்பானை அடைந்தார். 1914-இல் மனைவியாரும் மகளும் உடன் வந்தனர். செர்ரி மரங்களை ஆராய்ந்துவந்த அவர், டோக்கியோவை அடுத்த ஒரு பண்ணையிற் சிறு அசேலியாச் செடிகள் சிலவற்றைக் கண்டு வியந்து, அவை எங்கிருந்து வந்தன என்று உசாவினார். தெற்கே கியூஷூ தீவிலுள்ள குருமே என்னும் பழைய கோட்டை நகர் அவற்றின் பிறப்பிடம் என அறிந்தார். 1918-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நகருக்கே சென்றார்.

ஆண்டு அவர் கண்டதைக் கூறுமுன் வேறிருவரைக் கூறுதல் கடன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குருமேயில் சகமோட்டோ மோட்டோஸோ என்ற போர்க்குடி மரபினர் ஒருவர் இருந்தார். வாளெடுக்கும் குடியிற் பிறந்தும் செடி வளர்ப்பதிலேயே காலம் போக்கினார். அசேலியாவின் வித்து தூசினும் நுண்ணியது. மண்ணிலிட்டால் புதைந்து கெடும். பாசியின்மேல் தூவினால் ஈரம் குன்றாது முளைக்கும் என்று கண்டவர் இவர் என்பர். அவ்வாறு முளைத்தவற்றுள் நல்லன தெரிந்து வளர்த்துப் புதுப்புது வகைகளை ஆக்கினார். அவருக்குப்பின் அச்செல்வம் அகாஷி கிஜிரோ என்பவர் கைக்கு வந்தது. அவரும் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இவற்றிற்கே ஈந்தார். வில்ஸன் சென்றபோது அங்கே பெயரிட்ட வகைகள் இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்தன. செம்மை, வெண்மை, ஊதா, இளஞ்சிவப்பு எனப் பல நிறம். சிலவற்றில் புல்லிவட்டமே இதழாக மாறி, ஒரு பூவினுள் மற்றொரு பூவைச் செருகி வைத்தாற்போல் இருக்கும். அவற்றுள் ஐம்பது வகைகளை வில்ஸன் தெரிந்தெடுத்தார். இருநூற்றைம்பதில் இருநூற்றை விட்டுவருவதே அவருக்கு அரிய செயலாயிருந்திருக்கும் என்று எண்ணுகின்றோம்.

வகைக்கு இரண்டாக அடங்கிய அச்செடிகள் 1919 ஏப்ரலில் பாஸ்டன் சேர்ந்தன. அவ்வாண்டு ஜூன் முதல் நாளன்று, வேரில் மண்ணோடு கூடிய அயல்நாட்டுச் செடிகளைத் தடுக்கும் கடுஞ்சட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. கப்பல் இரண்டு திங்கள் பிந்தியிருந்தால் அவ்வைம்பதும் துறையிலேயே நின்றிருக்கும்!

இனி இச்செடியை நிழலில் வளர்க்கும் முறையையும் சிறிது கூறுவோம். முழு இருளை அது விரும்பாது. உயர்ந்த மரக்கிளைகளினூடே வெயில் சிதறி விழும் இடமே ஏற்றது. ஓக், பைன் போன்று வேர் ஆழ ஓடும் மரங்களின் கீழ் நன்கு வளரும். மேலோட்டமாக வேர் பரப்பும் மரத்தடியில் நீருக்குப் போராடி வாடும். அதன் வேர்களோ மயிர்போல் நுண்ணியவை, மேல்மண்ணிலேயே பரவுபவை. ஆகவே ஆழ நடலாகாது, அடியைக் கொத்தலாகாது, சருகு மூடாக்கு இட்டு ஈரம் காக்க வேண்டும். ஆயினும் நீர் தேங்கலாகாது. மண் புளிப்புத் தன்மை உடையதாதல் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளிக்கும். கவாத்து செய்வோர் பூ முடிந்தவுடன் செய்க. அடுத்த ஆண்டின் அரும்புகள் அக்கோடையிலேயே உருவாகிவிடுதலின், காலம் தாழ்த்திக் கத்தரிப்போர் மறு ஆண்டின் பூவையே கத்தரித்தவராவர். என்றும் பசுமை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வசந்தத்தில் தளிர்க்கும் இலைகள் இலையுதிர்காலத்தில் விழுந்துவிடும். கோடையில் கிளைநுனியில் தோன்றும் தடித்த சிற்றிலைகளே பனிக்காலம் கடக்கும்.

எனினும், இத்துணைப் பாடுபட்டுக் கொணர்ந்த இச்செடிகள் பாஸ்டன் நகரின் கடும்பனியைத் திறந்தவெளியில் தாங்கவில்லை. கொணர்ந்தவர் தோட்டத்திலேயே அவை கண்ணாடி மனைக்குள் வாழவேண்டியனவாயின. அமெரிக்காவின் தென்பகுதியிலும் பசிபிக் கரையிலும் இங்கிலாந்தின் மரச்சோலைகளிலுமே அவை செழித்துப் பெருகின.

உலகம் இவற்றை ‘வில்ஸனின் ஐம்பது’ என்று வழங்குகின்றது. இவ்வழக்கு நமக்கு முழுதும் உடன்பாடன்று. 1915-லேயே சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் குருமேச் செடிகள் காட்டப்பெற்றன; கலிபோர்னியாவிற் குடியேறிய டொமோட்டோ உடன்பிறந்தார் அவற்றைப் பெற்றுப் பெருக்கினர். புறாமரத்திற்போல இதிலும் வில்ஸன் முதல்வர் அல்லர். அன்றியும் ஐம்பதிற்கும் ஆங்கிலப் பெயர் சூட்டினார். கீழ்நாட்டுக் கண்ணாடி எனப் பொருள்படும் ‘அசுமா ககாமி’ வெறும் ‘பிங்க் பேர்ல்’ ஆயிற்று. மாலைப்பனியை நினைவூட்டும் ‘குரே நோ யுகி’ ‘ஸ்னோபிளேக்’ ஆயிற்று. ஜப்பானியப் பெயர்களை வரிசையாகப் படிக்குங்கால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலர்களை அடுக்கிய அழகு நமக்கு நினைவு வருகின்றது; ஆங்கிலப் பெயர்களைப் படிக்குங்கால் கடை விளம்பரமே நினைவு வருகின்றது. ஆனால் வில்ஸன்மேற் பழி முழுதும் சுமத்துதல் நேர்மையன்று. சகமோட்டோ, அகாஷி ஆகியோரின் உழைப்பை எழுதி மேனாட்டார்க்கு அறிவித்தவரும் அவரே. ரேடர் என்ற அறிஞருடன் சேர்ந்து 1921-இல் அசேலியாக்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டார். பின்வந்த வணிகர்கள் எளிய பெயரைக் கொண்டனர். அரிய பெயரை விட்டனர்.

1927-இல் ஆர்னால்டு பூங்காவின் காப்பாளரானார். மலைச்சரிவிலும் ஆற்றுச்சுழியிலும் தப்பிய அவர், 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், தம் மகளைக் கண்டு திரும்பும் வழியில், வூஸ்டர் நகரருகே மோட்டார் வண்டி வழுக்கிக் கவிழ, மனைவியாருடன் உயிர் நீத்தார். இருவரும் கனடாவில் மான்ட்ரியால் நகரில் அடக்கம் செய்யப்பெற்றனர்.

இலண்டனை அடுத்த ரிச்மண்டு பூங்காவிலுள்ள இஸபெல்லா சோலையில் அவ்வைம்பது வகைகளின் தொகுதி ஒன்று பேணப்படுகின்றது. ஏப்ரல், மே மாதங்களில் ஓக் மரநிழலில் குளத்தின் கரையெல்லாம் அவை பூத்து, நீரிலும் நிறம் காட்டும். குருமே நகரத்தாரோ அச்செடியையே தம் நகரின் மலராகக் கொண்டுள்ளனர்.