கொம்பின் மேல் ஒரு சுழி



பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் இப்பகுதியை மூடியிருந்த காலத்தில் புதையுண்ட மரம் அது. இன்று கல்லாகிவிட்டது. ஆனாலும் 18 மீட்டர் நீளமுள்ள அதன் வடிவம் அப்படியே இருக்கிறது. அந்த வடிவம் அழியாததால்தான், இது உயிரோடு நின்ற மரம் என்று நாம் அறிகிறோம்.

மொழிக்கும் வடிவம் உண்டு. எழுத்து, சொல், இலக்கணம் ஆகியவையே அந்த வடிவம். அது சிதைந்தால் முன்னோர் சொன்னது பின்வருவோருக்கு எட்டாது. இதை நன்கு உணர்ந்த ஒருவர், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த ஆண்டே மதுரை மறைப்பணித்தளத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில் ஒரு குழந்தையைப் போல அகரத்திலிருந்து தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது மரபுவழிச் செய்தி. காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, மக்களுள் ஒருவரானார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல அன்னையின் புகழைக் கலம்பகமாகப் பாடினார்.

அக்காலத்து ஓலைச்சுவடிகளில் ஒரு சிக்கல் இருந்தது. எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய இலக்கணம். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால், பலரும் அதை விட்டுவிட்டார்கள். அதனால் ‘எடு’ என்பதும் ‘ஏடு’ என்பதும், ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒன்றுபோலவே தோன்றின. முன்பின் வரும் சொற்களைப் பார்த்துத்தான் பொருளை ஊகிக்க வேண்டும்.

முனிவர் புதிய எழுத்து எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. இருந்த எழுத்துகளைக் குறிலுக்கு விட்டுவிட்டு, நெடிலுக்கு மட்டும் சிறிய அடையாளம் சேர்த்தார். ஏகாரத்திற்குக் கீழே ஒரு கோடு, ஓகாரத்திற்குக் கீழே ஒரு சுழி, உயிர்மெய்யில் கொம்பின் மேல் ஒரு சுழி. அவ்வளவுதான்! இன்று நாம் விவிலியத்தைத் தடுமாற்றமின்றி வாசிப்பதில் அந்தச் சுழிக்கும் பங்கு உண்டு.

அதன்பின் 1730-இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திற்கும் இலக்கணமாகத் தொன்னூல் விளக்கம் தந்தார். 1732-இல் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். செய்யுள் வடிவ நிகண்டுகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு மட்டும் எட்டிய சொல்வளம் எல்லாருக்கும் எட்டியது. மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். ஏழையின் பேச்சு புரியாத குரு அவருக்கு எப்படி ஆறுதல் சொல்ல முடியும்? அந்நூலை 1738-இல் அச்சிட்டது தரங்கம்பாடி லூத்தரன் சபையாரின் அச்சகம். கொள்கையில் முனிவரோடு கடுமையாக மோதியவர்கள் அவர்கள். ஆயினும் அவருடைய தமிழறிவை அவர்களால் ஒதுக்க முடியவில்லை.

மொழியின் வடிவத்தைக் கற்றபின்தான், புனித யோசேப்பின் வாழ்வை 3615 பாடல்களில் தேம்பாவணியாக நமக்குத் தர அவரால் முடிந்தது. 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்தின் அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே! இறைமகன் நம் மனித வடிவை ஏற்று நம்மிடையே குடிகொண்டார் என்பது நம் விசுவாசம். நம்மை மீட்க வந்தவர் முதலில் நம்மைப்போல் ஆனார். முனிவர் நடந்த வழியும் அதுவே. ஒரு மக்களுக்குப் போதிக்கும் முன், அவர்கள் மொழியின் வடிவத்திற்குள் தம்மைத் தாழ்த்திக்கொண்டார்.

இன்று நம் பாடகர் குழுவில் பிள்ளைகள் சிலர் தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். அவ்வாறு எழுதும்போது ‘எடு’வும் ‘ஏடு’ம் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் நீக்கிய குழப்பத்தை நாமே நம் வீட்டுக்குள் அழைத்து வருகிறோம். பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு நாம் எப்போது கற்றுக்கொடுத்தோம்?

ஏலாக்குறிச்சிக்குத் திருப்பயணம் செல்லும் நாம் அன்னையிடம் எத்தனையோ வரங்கள் கேட்கிறோம். அவற்றோடு ஒரு தீர்மானமும் எடுப்போம். இரவுச் செபத்தின்போது நம் பிள்ளைகளில் ஒருவர், தினமும் நற்செய்தியின் சில வசனங்களைத் தமிழில் உரக்க வாசிக்கட்டும். தடுமாறினால் பெற்றோர் பொறுமையோடு திருத்தட்டும். அந்நியராக வந்து நம்மவராக வாழ்ந்த முனிவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாக இருக்கட்டும்.

அடைக்கல அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.